ஹம் தேரும் அடுத்த காரும்: டீசலா, காஸா, ஹைபிரிட்டா, கரண்டா?

ஜேர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் தேருக்குக் காரில் போகிறவர்கள், அம்பாளைக் கும்பிட முன்னம் கார் விட ஓர் இடம் கிடைக்கவேண்டும் என்றுதான் முதலில் கும்பிடுவார்கள். கோயில் இருப்பது ஊன்ட்ரொப் தொழிற்பேட்டைக்குள், சுற்றிவரக் களஞ்சியங்களும் லொறிகளும். இந்த முறை நான் இருக்கும் ட்ரியரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர் ஓடிப்போய், ஒரு வேலியோரமாகக் காரைச் செருகிவிட்டு வெயிலில் நடந்தபோது வரிசையாக நின்ற இலக்கத்தகடுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். எஃப், என்எல், சிஎச், டிகே, நடுவில் மின்சாரக் காருக்குரிய இஎல் என்று தொடங்கும் நோர்வேத் தகடு ஒன்று. அது என் மச்சானுடைய கார். ஒஸ்லோவிலிருந்து கீல் வரைக்கும் கப்பலில் ஏற்றி வந்திருக்கிறார்.

என் கார் 2012ஆம் ஆண்டு டீசல். கோல்ன் தாண்டும்போது முன்பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, புகைவடிகட்டி அடைத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். இது மூன்றாவது தடவை. இலையுதிர் காலத்தில் வண்டிப் பரிசோதனையும் வருகிறது. மோர்ப்பந்தலுக்குப் பக்கத்தில் நின்று இதைச் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு ஆலோசனை. "உதை வித்துப்போட்டுக் கரண்ட் கார் எடும்" என்றார் நோர்வே மச்சான். பாரிஸ் சித்தப்பா, "தம்பி, எதனோலுக்கு மாத்து, லீற்றர் ஒரு யூரோவுமில்லை" என்றார். ஒல்லாந்திலிருந்து வந்த தம்பி முறையானவன் "கார் என்னத்துக்கு அண்ணா?" என்று கேட்டான், அவனே காரில்தான் வந்திருந்தான். சுவிஸ் மாமா மட்டும் ரயிலில் வந்தவர், அதுவும் ஜேர்மன் ரயில் ஒரு மணித்தியாலம் பிந்தியதால் தேர் இருப்புக்குத் திரும்பும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார், ஆகையால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது விளங்கியது, இவர்கள் ஒருவரும் பிழையாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் நாட்டு வரிச்சட்டத்தைத்தான் ஆலோசனை என்று சொல்லியிருக்கிறார்கள். சரி, நாடுகளையே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று எந்த நாட்டில் ஆளுக்கு எவ்வளவு எரிபொருள் போகிறது என்ற கணக்குகளைத் தேடி எடுத்தேன். முதல் வரியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைக்கு அதிகம் எரிபொருள் "குடிக்கிற" நாடு லக்சம்பேர்க், சராசரியைப் போல பல மடங்கு. பொதுப்போக்குவரத்தை 2020இலிருந்து நாடு முழுவதும் இலவசமாக விட்டிருக்கிற நாடு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒன்றரை மணித்தியாலம் தேவைப்படாத நாடு, அவ்வளவு எரிபொருளையும் எங்கே ஓடி எரிக்கிறார்களாம்?

அதற்கு விடை எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கணக்கில் நானும் ஒருவன். ட்ரியரிலிருந்து 15 கிலோமீற்றரில் எல்லை, எல்லையைத் தாண்டினால் வாசர்பில்லிக். ஊர் சின்னது, ஆனால் வீதி நெடுகப் பெற்றோல் செட்டுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், சனிக்கிழமைகளில் ட்ரியர், பிட்பேர்க், சார்பேர்க் இலக்கத்தகடுகள்தான் வரிசையில். லக்சம்பேர்க்கில் விலை உச்சவரம்பை அரசாங்கமே வைக்கிறது, எந்த செட்டுக்குப் போனாலும் ஒரே விலை, ஜேர்மனியைப் போலக் காலையில் ஒரு விலை மாலையில் ஒரு விலை என்று கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மறுபக்கம் பெல்ஜிய எல்லையில் மார்ட்லாஞ் என்றொரு இடம் இருக்கிறது, வீதியின் ஒரு கரை பெல்ஜியம், மறு கரை லக்சம்பேர்க், செட்டுகள் எல்லாம் ஒரு கரையில் மட்டும். எந்தக் கரையில் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எங்களைப் போன்ற சில்லறை ஆட்களைவிடப் பெரிய ஆள் லொறி. ஒரு பெரிய லொறியின் தாங்கிகள் இரண்டும் சேர்ந்து 1000 லீற்றருக்கு மேல் பிடிக்கும், 100 கிலோமீற்றருக்கு 30 லீற்றர் என்று வைத்தாலும் 3000 கிலோமீற்றருக்கு மேல் ஓடலாம். லக்சம்பேர்க்கின் பேர்ஷெமில் நெடுஞ்சாலை ஓரமாக நிரப்பிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போய்த் திரும்பி வருகிறவன் எரிக்கிற டீசல் முழுவதும் லக்சம்பேர்க்கின் பெயரில்தான் பதிவாகிறது, ஏனென்றால் நாட்டுக் கணக்கு என்பது எரித்த எரிபொருளின் கணக்கு அல்ல, விற்ற எரிபொருளின் கணக்கு. காபனீரொக்சைட்டு கணக்கும் அப்படியே. நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 6 லட்சத்து 70 ஆயிரம், எல்லை தாண்டி நாளாந்தம் வேலைக்கு வருகிறவர்கள் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். பிரிப்பது 6 லட்சத்து 70 ஆயிரத்தால், நிரப்புகிறது ஐரோப்பாவில் பாதி. ஒஸ்ரியாவுக்கும் சிலொவேனியாவுக்கும் இதே வருத்தம் கொஞ்சம் குறைவாக உண்டு.

ஆக, "எந்த நாட்டுக்காரர் கூடக் குடிக்கிறார்" என்று பட்டியல் பார்த்து ஒன்றும் கற்கமுடியாது என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு யோசித்தால் அதுதான் பாடம். பட்டியல் சொல்வது எந்த நாட்டில் எது மலிவு என்பதைத்தான். ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வரி பெற்றோலுக்கு லீற்றருக்கு 35.9 சதம், டீசலுக்கு 33 சதம். அதற்கு மேல் எவ்வளவு ஏற்றுவது என்பது அந்தந்த நாட்டின் பாடு. ஜேர்மனியில் பெற்றோலுக்கு 65.45 சதம், டீசலுக்கு 47.04 சதம். இந்த 18 சதத்தையும் அதன்மேல் ஏறும் விற்பனை வரியையும் சேர்த்தால் டீசலுக்குக் கிட்டத்தட்ட 22 சதம் சலுகை. இத்தனைக்கும் ஒரு லீற்றர் டீசலில் பெற்றோலைவிடச் சக்தி கூட, எரித்தால் வரும் காபனீரொக்சைட்டும் கூட, பெற்றோலுக்கு ஏறத்தாழ 2.3 கிலோ, டீசலுக்கு 2.65 கிலோ. சுவிஸிலோ தலைகீழ், அங்கே டீசலுக்குத்தான் வரி கூட, அதனால் சுவிஸ் மாமா வாழ்நாளில் டீசல் கார் வாங்கியதில்லை. அவர் சூழலைப் பற்றி யோசித்து அப்படிச் செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி மச்சானின் கரண்ட் கார். நோர்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் 10க்குக் கிட்டத்தட்ட 9 முழு மின்சாரக் கார். இதைக் கேட்டால் ஏதோ நோர்வேக்காரருக்கு இயற்கைமேல் பெரிய பக்தி போலத் தெரியும், ஆனால் மச்சானிடம் கேட்டால் வேறு கதை வரும். அங்கே புதுப் பெற்றோல் கார் வாங்கினால் வாங்கும்போதே பெரிய வரி, அதன்மேல் 25 வீத விற்பனை வரி. மின்சாரக் காருக்கு அந்த விற்பனை வரி 2001இலிருந்து இல்லாமல் இருந்தது, 2023இலிருந்துதான் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் வாங்கத் தொடங்கினார்கள், 2026இல் அந்த வரம்பு 3 லட்சத்துக்கு இறங்கியது. கரண்ட் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியிலிருந்து. மச்சானுக்குத் தனிவீடு, வாசலில் சொந்தச் சார்ஜர், இரவு படுக்கப்போகும்போது கைத்தொலைபேசியோடு காரையும் செருகிவிடுவார். அவர் எனக்கு விற்கப்பார்த்தது காரை, ஆனால் அது ஓடுவது அந்த வீட்டால்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். அவ்வளவு வேகமாக மாறிய நாட்டிலேயே, வீதியில் ஓடும் கார்களில் பெற்றோல் கார்களை மின்சாரக் கார்கள் எண்ணிக்கையில் முந்தியது 2024 செப்டெம்பரில்தான், அப்போதும் டீசல் கார்கள் அதைவிடக் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தன. கார் என்றால் 15, 20 வருடம் கிடக்கும் சாமான். புதுக்கார் விற்பனையைப் பார்த்துவிட்டு நாடு எரிபொருளை விட்டுவிட்டது என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு அந்தக் கீல் கப்பல்: ஒஸ்லோவிலிருந்து 20 மணித்தியாலம் ஓடி வருகிறது, சர்வதேசக் கப்பல் எரிக்கும் எண்ணெய் நோர்வேயின் மொத்தத்திலும் சேராது, ஜேர்மனியின் மொத்தத்திலும் சேராது, தனியே ஒரு மூலையில் எழுதிவைப்பார்கள். மச்சானிடம் இதைச் சொன்னேன், அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் நேர்மையாகச் சொன்னால் கரண்ட் காரின் அடிப்படைக் கணக்கை யாராலும் மறுக்க முடியாது. என் டீசல் 100 கிலோமீற்றருக்கு 5.8 லீற்றர் குடிக்கிறது, ஒரு லீற்றரில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி சக்தி, ஆக 58. அதே தூரத்துக்கு மின்சாரக் கார் எடுப்பது, சார்ஜ் பண்ணும்போது வீணாவதையும் சேர்த்து 19 அளவில். மிச்சத்தை என் கார் வெப்பமாகக் காற்றுக்கு விட்டுக்கொண்டு போகிறது. குளிர்காலத்தில் கரண்ட் கார் ஓடும் தூரம் கால்வாசி குறையலாம் என்பதைக் கணக்கில் எடுத்தாலும் இந்த இடைவெளி பெரியது.

பாரிஸ் சித்தப்பாவின் எதனோல் ஆசையைத் தூண்டுகிற சாமான். பிரான்சில் ஈ85 என்ற பெயரில் விற்கிறார்கள், பெற்றோல் 1.70 யூரோ விற்கும்போது இது 80 சதத்தைச் சுற்றி நிற்கும், பெற்றோல் காருக்கு ஒரு சின்னப் பெட்டி பூட்டி மாற்றிக்கொள்ள 2017 கடைசியிலிருந்து சட்டமும் இருக்கிறது. கால்வாசி கூடுதலாகக் குடிக்கும், அப்படியிருந்தும் இலாபம். சித்தப்பா பழைய டீசலை விற்றதற்குக் காரணம் இது மட்டுமல்ல, காரின் மாசுத்தரத்தைக் காட்ட முன்கண்ணாடியில் ஒட்டும் க்ரித்தேர் வில்லையில் அவருடைய டீசலுக்கு 3ஆம் இலக்கம், 2025 தை மாதத்திலிருந்து பாரிஸ் பெருநகருக்குள் வேலைநாட்களில் பகலில் அது ஓடக்கூடாது என்று விதி வந்தது. டீசலை வாங்கு வாங்கு என்று வரியால் தள்ளி 2012இல் புதுக்கார்களில் 70 வீதத்துக்கு மேல் டீசலாக்கியதும் அதே நாடுதான், பிறகு 2018இல் டீசல் வரியைக் கூட்டப்போய் மஞ்சள் அங்கிக்காரர் வீதியில் இறங்கினதும் அதே நாட்டில்தான். எனக்கு இந்த எதனோல் யோசனை ஒரு நிமிடத்திலேயே முடிந்துவிட்டது: ஜேர்மனியில் 2015 கடைசியோடு ஈ85இன் வரிவிலக்கு போனது, செட்டுகளும் விற்பதை விட்டுவிட்டன. பிரான்ஸ் எல்லை எனக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். எரிபொருள் வாங்க எரிபொருள் எரித்துக்கொண்டு போகமுடியாது, அந்த வியாதி எனக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கிறது.

காஸ், அதாவது எல்பிஜி என்ற திரவ வாயு பற்றிச் சொன்னது சொந்தக்காரர் இல்லை, எங்கள் கராஜில் வேலை செய்யும் போலந்துக்காரர். புகைவடிகட்டியைக் கழற்றிக்காட்டி, விரலால் கரியைத் தேய்த்துப் பார்த்து, "இதை விடு, பழைய பெற்றோல் கார் ஒன்று எடுத்துக்கொண்டு வா, காஸ் பூட்டித் தருகிறேன்" என்றார். போலந்தில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் காஸில் ஓடுகின்றன, அங்கே அது ஏழைகளின் எரிபொருள், எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும், எந்தக் கராஜிலும் பூட்டுவார்கள். ஆனால் அந்தக் காஸில் பெரும் பங்கு ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தது, 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அந்த இறக்குமதியை நிறுத்தியது. ஜேர்மனியில் காஸுக்கு இருந்த வரிச்சலுகையோ படிப்படியாகக் குறைந்து 2023இல் முழுவரிக்கு வந்துவிட்டது. 7 லீற்றர் பெற்றோல் குடிக்கும் கார் காஸில் 8.5 லீற்றர் குடிக்கும், லீற்றர் 1.05 என்று பிடித்தால் 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 8.90 யூரோ. பூட்டுகிற செலவு தனி, வண்டிப் பரிசோதனையோடு சேர்த்துக் காஸ் பரிசோதனை என்ற தலையிடி தனி.

இத்தாலியில் இதற்கு அண்ணன் முறையான ஒரு சாமான் இருந்தது, மெத்தேன், அதாவது அழுத்தி அடைத்த இயற்கை வாயு. பொலோனியாப் பக்கத்தில் வேலை செய்த சினேகிதன் ஒருவன் அதில் வருடக்கணக்காக மலிவாக ஓடித்திரிந்து எங்களையெல்லாம் பார்த்துச் சிரித்தான். 2022இல் வாயு விலை ஏறியபோது கிலோ ஒரு யூரோ விற்றது இரண்டு யூரோவைத் தாண்டியது, அவன் சிரிப்பும் நின்றது. இத்தாலி வேறொரு விதத்திலும் நல்ல உதாரணம்: 1000 பேருக்கு ஏறத்தாழ 700 கார் என்று ஐரோப்பாவிலேயே மிகக்கூடியளவு கார் வைத்திருக்கிற நாடுகளில் ஒன்று, ஆனால் தலைக்கு எரிபொருள் என்று பார்த்தால் மேலே நிற்பதில்லை. சின்னக் கார், குறைந்த ஓட்டம். கார் எண்ணிக்கை ஒரு கதை, ஓடும் தூரம் இன்னொரு கதை.

ஒல்லாந்துத் தம்பியின் "கார் என்னத்துக்கு" என்பதை லேசில் தள்ளிவிட மனம் வரவில்லை. அங்கே பயணங்களில் கால்வாசிக்கு மேல் சைக்கிளில்தான், சனத்தொகையைவிடச் சைக்கிள் கூட. பெற்றோல் வரி ஐரோப்பாவில் உச்சத்தில், டீசல் கார் வைத்திருந்தால் வீதிவரி கழுத்தைப் பிடிக்கும். 2020 மார்ச்சிலிருந்து பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் பகலில் 100க்கு மேல் ஓடமுடியாது, அது எரிபொருளுக்காக இல்லை, நைதரசன் மாசுக்காக நீதிமன்றம் வரை போன பிரச்சினை, ஆனால் எரிபொருளும் சேர்ந்து மிஞ்சுகிறது. இதை நானே என் காரில் பார்த்திருக்கிறேன்: ஒல்லாந்து எல்லையிலுள்ள வென்லோவிலிருந்து அவன் வீடுவரை 100இல் பிடித்துக்கொண்டு போனால் முன்பலகை 4.9 என்று காட்டும், திரும்பி ஜேர்மன் எல்லைக்குள் வந்து எல்லாரும் பறக்கிறார்களே என்று நானும் 140இல் போனால் 7.2. அதே கார், அதே டீசல், எந்த நாட்டின் வீதி என்பதுதான் வித்தியாசம். வாங்கும் காரைப் பற்றி இத்தனை மாதம் மண்டையை உடைத்த நான், வலது காலைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை என்பது கொஞ்சம் வெட்கம்தான்.

கார் இல்லாமல் இருக்கலாமா என்பதையும் பார்த்தேன். 2022 கோடையில் ஊர்ப் பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் மாதத்துக்கு 9 யூரோ ரிக்கற் வந்தது, அதே மூன்று மாதம் எரிபொருள் வரியையும் குறைத்தார்கள், ஒரு கையால் ரயிலுக்குத் தள்ளி மறு கையால் காருக்கு இழுத்த வேடிக்கையை ஜேர்மனியில்தான் பார்க்கலாம். பிறகு 49 யூரோ ரிக்கற், 2025இல் அது 58 ஆனது. மனைவி அதில்தான் ஓடுகிறாள், அவளுக்கு வேலை ட்ரியருக்குள், பஸ் போதும். எனக்கு வேலை விட்லிக்கில், காலை ஆறு மணிக்குள் உள்ளே நிற்கவேண்டும், வாரத்தில் மூன்று நாள் அப்படி. அந்த நேரத்துக்கு என் தெருவிலிருந்து பஸ் பிடித்து ரயில் பிடித்து மறுபடி பஸ் பிடித்துப் போய்ச் சேர வழி இல்லை. வழி இருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

சரி, என் கணக்குத் தாள். வருடத்துக்கு 18,000 கிலோமீற்றர். டீசல் 5.8 லீற்றர், 1.60 என்று வைத்தால் 100 கிலோமீற்றருக்கு 9.28 யூரோ. ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்த கார், பிளக் இல்லாத ஜப்பான் வகை, தெரிந்தவர்கள் மூன்று பேரின் சராசரி 4.8 லீற்றர், பெற்றோல் 1.70, ஆக 8.16. மின்சாரக் கார் வீட்டில் சார்ஜ் பண்ணினால் அலகு 35 சதம், 6.65. அதே காரை நெடுஞ்சாலை வேகச் சார்ஜரில் அலகு 60 சதத்துக்குப் பண்ணினால் 11.40. இந்தக் கடைசி இரண்டு இலக்கத்தையும் திரும்பப் பாருங்கள். ஒரே கார், தாளிலேயே மலிவானதும் அதுதான், விலை கூடினதும் அதுதான். வருடத்துக்குக் கணக்குப் பண்ணினால் 855 யூரோ வித்தியாசம், கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதில் மட்டும்.

எங்கள் வீடு வாடகை, மூன்றாம் மாடி, கார் நிற்பது தெருவில், அதுவும் எந்தத் தெருவில் என்பது அன்றைய அதிர்ஷ்டம். 2020 டிசம்பரிலிருந்து வாடகைக்கு இருப்பவரும் சார்ஜர் பூட்ட அனுமதிக்கும்படி வீட்டுக்காரரிடம் கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறது, வாசித்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன், பிறகுதான் உறைத்தது, பூட்டுவதற்குச் சொந்தமாக ஒரு நிறுத்துமிடம் வேண்டும். வேலைத்தலத்திலும் கேட்டுப்பார்த்தேன். "யோசித்துக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள், போன வருடமும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இடைவழியாகப் பிளக் உள்ள ஹைபிரிட் ஒன்றைப் பார்க்கவும் போனேன். மூன்று வருடம் ஒரு கம்பனியில் ஓடிய கார், காகிதத்தில் 100 கிலோமீற்றருக்கு 1.4 லீற்றர், நல்ல விலை. விற்பனைக்காரப் பெடியன் பின்கதவைத் திறந்து அடித்தட்டைத் தூக்கினான், சார்ஜ் பண்ணும் வயர் அதன் பையில் இருந்தது, பையைச் சுற்றிய பிளாஸ்ரிக்கை ஒருவரும் பிரித்திருக்கவில்லை. மூன்று வருடம், 80 ஆயிரம் கிலோமீற்றர், கம்பனிப் பெற்றோல் அட்டை. காரிலேயே பதிவாகும் உண்மைக் கணக்குகளைச் சேர்த்து ஐரோப்பிய ஆணையம் 2024இல் ஓர் அறிக்கை விட்டது: சாதாரணப் பெற்றோல், டீசல் கார்கள் சொன்னதைவிட ஏறத்தாழ 20 வீதம் கூடக் குடிக்கின்றன, பிளக் ஹைபிரிட்டுகள் சொன்னதைப் போல 3.5 மடங்கு. அந்தப் பிரிக்காத பையைப் பார்த்த பிறகு எனக்கு அந்த இலக்கத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. செருக இடமில்லாத நான் அதை வாங்கியிருந்தால் பற்றரியைச் சும்மா தூக்கிக்கொண்டு திரிந்திருப்பேன்.

இந்த இடத்தில் மனைவிக்கும் எனக்கும் ஒரு வாரம் இழுபட்டது. அவள் கரண்ட் கார்தான் என்று நின்றாள், இன்னும் இரண்டு வருடத்தில் தெருவில் சார்ஜர் வந்துவிடும், அப்போது நாங்கள் பெற்றோல் காரோடு நிற்போம் என்பது அவளுடைய வாதம், அதில் பிழையும் இல்லை. பழைய கரண்ட் கார்களின் விலையும் நன்றாக இறங்கித்தான் இருந்தது. தெருவோரத்து மெதுவான சார்ஜரில் அலகு 50 சதம், 100 கிலோமீற்றருக்கு 9.50 வரும், அதற்கும் நாலு மணித்தியாலம் கழித்து நானே போய்க் காரை எடுத்து வேறு இடத்தில் விடவேண்டும், இல்லாவிட்டால் மறித்து நிற்பதற்குக் கட்டணம் ஏறும். அதிகாலை நாலரைக்கு எழும்புகிறவனுக்கு இரவு பதினொரு மணிக்குக் கார் மாற்றும் வேலை சரிவராது என்றேன். நீங்கள் வீட்டிலோ வேலையிலோ செருகக்கூடியவராக இருந்தால் இதுவரை வாசித்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கரண்ட் காரையே எடுங்கள், மச்சான் சொன்னது உங்களுக்குத்தான்.

டீசலைத் திருத்தி வைத்திருப்பது ஒருபோதும் போட்டியில் நிற்கவில்லை. வடிகட்டிக்குக் கராஜ் சொன்ன விலை ஒரு பக்கம், 2 லீற்றர் எஞ்சினுக்கு அளவு வரி மட்டும் வருடத்துக்கு 190 யூரோ, ஏனென்றால் ஜேர்மனியில் செட்டில் விட்டுக்கொடுக்கும் டீசல் சலுகையை வீதிவரியில் பிடுங்கிக்கொள்கிறார்கள், 100 கனசென்ரிமீற்றருக்கு டீசலுக்கு 9.50, பெற்றோலுக்கு 2 யூரோ. வருடம் 30 ஆயிரம் கிலோமீற்றர் ஓடுகிறவனுக்கு டீசல், எனக்கு இல்லை. கடைசியில் எடுத்தது ஆறு வருடம் ஓடிய 1.8 லீற்றர் ஹைபிரிட், அதன் எஞ்சின் அளவுக்கு 36 யூரோ. முதல் இரண்டு மாதச் சராசரி 4.7. விட்லிக் போகும்போது இப்போது 110க்கு மேல் ஓடுவதில்லை, பின்னால் வருகிறவர்கள் வெளிச்சம் அடிக்கிறார்கள், அடிக்கட்டும்.

மிஞ்சியது வாசர்பில்லிக். பழைய காருக்கு 45 லீற்றர் அடித்தால், லீற்றருக்கு 20 சதம் என்று 9 யூரோ மிச்சம், போய்வர 30 கிலோமீற்றருக்கு இரண்டரை யூரோ கழித்தால் ஆறரை. புதுக் காரின் தாங்கி சின்னது, 32 லீற்றருக்கு மேல் அடிக்க வராது, 6 யூரோ 40 சதம் மிஞ்சும், ஓட்டச் செலவு கழித்தால் நாலு யூரோ சொச்சம். அதற்காகச் சனிக்கிழமை வரிசையில் அரை மணித்தியாலம் நிற்பது விசர் வேலை, இனிப் போவதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தன்னுடைய கணக்கை எடுத்தாள். ஜேர்மனியில் வறுத்த கோப்பிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ தனி வரி, லக்சம்பேர்க்கில் அப்படி ஒன்று கிடையாது, நாலு கிலோ வாங்கினால் வரியில் மட்டும் 8.76 மிச்சம், அது நான் பெற்றோலில் மிச்சம்பிடிப்பதைப் போல இரண்டு மடங்கு. போன சனிக்கிழமையும் போனோம். பெற்றோலும் அடித்தேன்தான், வரிசையில் நின்றாயிற்று.